இரண்டு மூன்றான கதை

"தங்கச்சி, நம்ம வேலை சமநிலை. சமதர்மம் இல்ல."

சொன்னவன் நான். கோலாலம்பூர் பங்சார் சவுத்தில், போனில் ஆடுகிற அட்டை விளையாட்டு ஒன்றைச் செய்யும் எங்கள் அலுவலகத்தின் சின்ன மீட்டிங் அறை. ஆறு பேர் இருந்தோம். தமிழ் தெரிந்தது எனக்கும் அவளுக்கும் மட்டும். அதுவரை பேச்செல்லாம் ஆங்கிலத்தில், நடுநடுவே கொஞ்சம் மலாயில். அந்த ஒரு வரியை மட்டும் தமிழில் சொன்னேன், சிரித்துக்கொண்டே. ஏதோ எங்களுக்குள் கிண்டல் என்று நினைத்து மற்ற நால்வரும் சிரித்து வைத்தார்கள். புரொடியூசர் "ஓகே லா?" என்றார். அவளும் "ஓகே" என்றாள். ஒரு அட்டையை மேசையில் இறக்குவதற்கான விலை இரண்டு மானாவிலிருந்து (ஆட்டத்துக்குள் செலவழிக்கிற சக்தி) மூன்றானது. எல்லாரும் சாப்பிடப் போனோம்.

மூன்று வருடம் ஆகப் போகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ அட்டைகளின் கையைக் காலை உடைத்திருக்கிறேன். எதுவும் மனதில் நிற்கவில்லை. இது மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நார் மாதிரி. நாக்கு தானாகப் போய்த் தொட்டுப் பார்க்கிறது.

விளையாட்டின் பெயர் வேண்டாம். அந்த அட்டையை முரசுக்காரன் என்று வைத்துக்கொள்வோம். காமன் அட்டை, புதிதாகச் சேர்கிறவனுக்குக்கூட முதல் வாரத்திலேயே கிடைத்துவிடும். இரண்டு மானா, தாக்கு இரண்டு, உயிர் மூன்று. அவன் மேசையில் நிற்கும்வரை ஒரு மானா விலையுள்ள சின்ன அட்டைகள், அதாவது பொடியன்கள், எல்லாருக்கும் தாக்கு ஒன்று கூடும். அவ்வளவுதான் அவன் வேலை. ஆனால் பொடியன்களை வரிசையாக இறக்கி, எதிராளி நிமிர்வதற்குள் ஐந்தாவது டர்னில், அதாவது ஐந்தாவது முறை ஆடும்போது, ஆட்டத்தை முடித்துவிடுகிற டெக் (அட்டைக் கட்டு) ஒன்று இருந்தது. அதற்கு முதுகெலும்பு அவன்தான். அந்த டெக்கில் லெஜண்டரி, அதாவது மிக அபூர்வமான அட்டை, ஒன்றுகூடக் கிடையாது. ஒரு சென் கட்டாமல் தினமும் கொஞ்ச நேரம் ஆடினாலே சேர்த்துவிடலாம்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். டெக் கட்டுகிறவர்களுக்குத் தெரியும், அது ஒன்று இல்லை. எத்தனையாவது டர்னோ அத்தனை மானாதான் கையில் இருக்கும். முரசுக்காரன் இரண்டாக இருந்தபோது இரண்டாவது டர்னில் இறங்குவான். மூன்றாவது டர்னில் ஒரு பொடியனைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவான். நான்காவதில் இரண்டு முரசுக்காரர்கள் சேர்ந்தே வருவார்கள். மூன்றாக்கிவிட்டால் இரண்டாவது டர்னில் ஓட்டை விழுகிறது, மூன்றாவதில் தனியாக வருகிறான், ஜோடியாக வர ஆறாவது டர்ன் வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஐந்தில் முடிக்க வேண்டிய டெக்குக்கு ஆறில் என்ன வேலை? அட்டையை நாங்கள் தடை செய்யவில்லை. அவன் வருகிற நேரத்தை மட்டும் தள்ளிவைத்தோம். கல்யாணம் முடிந்த பிறகு வந்து சேர்கிற நாதஸ்வரக்காரன் மாதிரி ஆகிவிட்டான்.

அவள் டெஸ்டிங்கில் இருந்தாள். வேலைக்கு வந்து ஐந்து மாதம், புரொபேஷன் முடியவில்லை. அன்றைக்கு அவள் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, விலையில் கை வைக்காமல் உயிரை மூன்றிலிருந்து இரண்டாக்கலாமே என்பது. உயிர் இரண்டு என்றால் சாதாரண மந்திர அட்டை ஒன்றே அவனைத் தூக்கிவிடும், அப்படியும் செத்த அட்டைதான் என்றேன். செத்தாலும் சரியான நேரத்துக்கு வந்து சாவான், டெக் டெக்காகவே இருக்கும் என்றாள். நல்ல பதில். அன்றைக்கே எனக்குத் தெரியும் அது நல்ல பதில் என்று. இரண்டாவது, ஒரு கேள்வி: இதை உடைத்துவிட்டால் காசு கட்டாதவர்கள் எதை வைத்து ஆடுவார்கள்?

அதற்குத்தான் அந்த வரி.

அலுவலகத்தில் நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது மட்டும் நான் அவளுக்கு அண்ணே. அவளை நான் தங்கச்சி என்று கூப்பிட்டது அன்றுதான், அதுவும் மீட்டிங்கில், மற்றவர்கள் முன்னால். அவளுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புரொடியூசரின் முகம் மாறிக்கொண்டிருந்தது, அவள் இன்னும் நிரந்தரமாகவில்லை, ஆங்கிலத்தில் வாதம் வளர்ந்தால் அவளுக்குத்தான் கெட்ட பெயர், அதனால் வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசி முடித்துவைத்தேன். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதும் பொய் இல்லை. தமிழில் எதுகை மோனை கிடைத்தது. சமநிலை, சமதர்மம். காதுக்கு நன்றாக இருந்தால் அது வாதம் ஆகிவிடுமா?

இந்த மூன்று வருடத்தில் எனக்குச் சாதகமாக எவ்வளவோ தேடிப் பார்த்திருக்கிறேன். 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 'மேஜிக்' அட்டை விளையாட்டைக் கொண்டுவந்தபோது பலமான அட்டைகள் அபூர்வமாக இருந்தாலே போதும் என்று நினைத்தார்கள். ஒருவன் கொஞ்சம்தான் வாங்குவான், 'பிளாக் லோட்டஸ்' மாதிரி பலமான அட்டை ஊருக்கு ஓரிரண்டு இருந்துவிட்டுப் போகட்டும். ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள், கணக்குத் தப்பியது. காசும் பலமும் ஒட்டிப் பிறந்த தொழில் இது, நான் ஒட்டவைக்கவில்லை என்று அதிலிருந்து ஒரு ஆறுதல் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் தேடப் போன இடத்தில் எனக்கு எதிரான சாட்சியும் கிடைத்தது. ஹார்த்ஸ்டோன் என்கிற டிஜிட்டல் அட்டை விளையாட்டில் 2014 செப்டம்பரில் ஒரே பேட்சில், அதாவது ஒரே திருத்த வெளியீட்டில், இரண்டு அட்டைகளின் மானா விலையை ஏற்றினார்கள். 'லீரோய் ஜென்கின்ஸ்' நான்கிலிருந்து ஐந்து. 'ஸ்டார்விங் பஸ்ஸார்ட்' இரண்டிலிருந்து ஒரேயடியாக ஐந்து. வேண்டாத அட்டையை உடைத்தால் தூள் கிடைக்கும், தூளை வைத்து வேறு அட்டை செய்துகொள்ளலாம். லீரோய் லெஜண்டரி, உடைத்தால் செய்த விலையான 1600 தூள் முழுசாகத் திரும்பக் கிடைத்தது. அதை வைத்து இன்னொரு லெஜண்டரி செய்துகொள்ளலாம். பஸ்ஸார்ட் அப்போது எல்லாருக்கும் இலவசமாக வந்த அடிப்படை அட்டை, உடைக்கவே முடியாத வகை. அதை நம்பி டெக் கட்டியவனுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் அக்டோபரில் 'வார்சாங் கமாண்டர்'. அதுவும் இலவச அட்டை. அதை மாற்றியதும் அதை நம்பியிருந்த 'கிரிம் பேட்ரன்' டெக் மொத்தமாகச் சரிந்தது.

நியாயம்தானே, இலவசமாக வந்ததற்கு எதற்கு ஈடு? அட்டையை மட்டும் பார்த்தால் நியாயம். ஆனால் யாரும் அட்டையை ஆடுவதில்லை, டெக்கைத்தான் ஆடுகிறார்கள். ஆர்டிஃபேக்ட் விளையாட்டில் 2018 டிசம்பரில் விலையுயர்ந்த 'ஆக்ஸ்' அட்டையைப் பலவீனப்படுத்தியபோது அதைச் சந்தை விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ள அதைத் தயாரித்த வால்வ் நிறுவனம் முன்வந்தது. விலை உள்ளதற்குத்தான் ஈடு. எங்கள் விளையாட்டிலும் தூள் கணக்கை நாங்கள் யோசித்து உண்டாக்கவில்லை, ஹார்த்ஸ்டோன் எண்களை அப்படியே எடுத்துக்கொண்டோம். காமன் செய்ய 40, உடைத்தால் 5. லெஜண்டரி செய்ய 1600, உடைத்தால் 400. நெர்ஃப் செய்த, அதாவது பலவீனப்படுத்திய, அட்டைக்கு மட்டும் இரண்டு வாரத்துக்கு முழு விலை. எனவே முரசுக்காரன் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கு 80 தூள். கூட்டத்தில் என் ஸ்லைடில் "முழு ஈடு வழங்கப்படும்" என்று எழுதியிருந்தேன். எழுத்துக்கு எழுத்து உண்மை.

அந்த ஸ்லைடுகளில் இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீழ் ரேங்குகளில் அந்த டெக் ரொம்பவே ஜெயித்தது, அந்த வரைபடத்தைத்தான் காட்டினேன். மேல் ரேங்குகளில் அது சாதாரண டெக். அங்கே ஆடுகிறவர்களுக்கு அதை எப்படி நிறுத்துவது என்று தெரியும், நிறுத்துகிற அட்டைகளும் கையில் இருக்கும். அந்த வரைபடமும் என் லேப்டாப்பில் இருந்தது. மேல் ரேங்கில் ஆட்டங்களின் எண்ணிக்கை குறைவு, அதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று எடுத்துவிட்டேன். முறைப்படி சரி. ஆனால் அது எனக்குச் சாதகமாக இருந்திருந்தால் எடுத்திருப்பேனா என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்னொன்று: காசுக்கு விற்கிற புது பேக், அதாவது அட்டைப் பொட்டலம், வெளிவர இரண்டு வாரம் இருந்தது. காசு கட்டி லெஜண்டரி டெக் கட்டியவர்கள் இந்தப் பொடியன் டெக்கிடம் ஐந்தாவது டர்னில் தோற்றுவிட்டுக் காட்டமாக எழுதிய மெயில்கள் ஒவ்வொரு திங்களும் எங்களுக்கு வரும். இதை வைத்து முடிவெடு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சரி, மறுபக்கமும் சொல்ல வேண்டும். கீழ் ரேங்கில் ஆடுகிற பையன் பத்து ஆட்டம் ஆடினால் ஆறில் அதே முரசுக்காரன் முகம்தான். புதிதாக வருகிறவர்கள் அலுத்துப்போய் விலகினார்கள், அதுவும் காசில்லாதவர்கள்தான். ஒரே டெக் எல்லாரையும் அடித்தால் அது சமதர்மம் ஆகிவிடாது. இன்றைக்கு அதே மேசையில் உட்கார வைத்தாலும் நெர்ஃப் வேண்டும் என்றுதான் சொல்வேன். விலையிலா உயிரிலா என்று கேட்டால்... அன்றைக்கு அவள் சொன்னதுதான் சரி என்று சில நாள் தோன்றும். சில நாள் இல்லை.

பேட்ச் வந்த அடுத்த வாரம், மழை. கெரிஞ்சி ஸ்டேஷனில் எல்ஆர்டி ஏறினோம். நான் கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்துவிடுவேன், அவள் அங்கே கொமியூட்டர் மாறி செந்தூல் போக வேண்டும். அப்துல்லா ஹுக்கும் தாண்டியதும் போனை என் பக்கம் திருப்பினாள். தம்பி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். ஃபார்ம் 4 படிக்கிறானாம். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிற விஷயமே எனக்கு அப்போதுதான் தெரியும். மீட்டிங்கில் அவள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு ஆளை வைத்துக் கணக்குப் போடாதே என்றுதான் சொல்லியிருப்பேன், அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

போனின் கண்ணாடி ஓரத்தில் கீறல். படத்தில் டெக்கின் பெயர் 'அக்கா 2'. இவள் கட்டிக் கொடுத்ததாம்; 'அக்கா 1' தேறவில்லை. மேலே மூலையில் தூள் எண்ணிக்கை, 80.

"என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"எண்பது தூள் சும்மா குடுத்திருக்காங்க அக்கா, என்னா நல்ல கம்பெனின்னு மெசேஜ் போட்டான்ணே. மறுநாள் ஆடிப் பார்த்துட்டுதான் கேட்டான், டெக்கு என்னாச்சுன்னு."

"எண்பதை வெச்சு ரெண்டு காமன் செய்யலாமே."

"எந்த ரெண்டு?"

பங்சார் வந்தது, கதவு திறந்து மூடியது. நான் மனதுக்குள் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முரசுக்காரன் இடத்தில் எந்த இரண்டு காமனைப் போட்டால் அந்த டெக் எழுந்து நிற்கும்? அந்த விளையாட்டின் எல்லா அட்டைகளும் எனக்கு மனப்பாடம். ஒன்றும் வரவில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்றேன். "சரிண்ணே" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்ததா என்று பல தடவை நினைவுபடுத்திப் பார்த்துவிட்டேன். இல்லை என்றுதான் படுகிறது. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அவளை நிரந்தரமாக்கினார்கள். ஒரு வருடம் கழித்து வேறு வேலைக்குப் போனாள், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, சம்பளம்தான். இப்போதும் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவாள். எந்த இரண்டு அட்டை என்று நான் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. மூன்று நான்கு வாரத்தில் ஆட்டக்காரர்களே வேறொரு மலிவு டெக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் பார், ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று எனக்குள் ஒரு கெக்கலிப்பு. அந்த மலிவு டெக்குக்கு புது பேக்கின் அட்டைகள் நான்கு வேண்டும் என்பதை இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் கவனித்தேன்.

அலுவலகக் கணக்கில் எங்களுக்கு எல்லா அட்டையும் இருக்கும், தூள் தீரவே தீராது. அதில்தான் நான் வருடக்கணக்காக ஆடியிருக்கிறேன். போன மாதம் வீட்டில் என் சொந்த போனில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கினேன், காசு கட்டாமல் எவ்வளவு தூரம் போக முடிகிறது பார்ப்போம் என்று. தினமும் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம். எட்டு நாள் பிடித்தேன். ஒன்பதாம் நாள் ராத்திரி வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றதும் பணம் கட்டுகிற டச் அன் கோ ஆப்பைத் திறந்து பத்து ரிங்கிட் கட்டினேன். விலைப்பட்டியல் எங்கள் மாடியில் போட்டதுதான், மூன்று பேக் வந்தது.

இரண்டாவது பேக்கில் முரசுக்காரன் இருந்தான். மூன்று மானா. உடைத்தேன், ஐந்து தூள்.