கிஷி மரத் தேவாலயம்: 17 குமிழ் ஏறியாச்சு

கிஷி தேவாலய மாதிரியைத் தொடங்கி நாலு மாதம். கூரைமேல் நிற்கும் 22 குமிழ்வடிவக் கோபுரங்களில் 17 ஏறிவிட்டன. நடுவில் ஒரு மாதம் முழுக்க அடிவரிசையோடு மல்லுக்கட்டியதில் போனது.

ரஷ்யாவின் கரேலியாவில், ஒனேகா ஏரியிலுள்ள கிஷி தீவில் 1714-இல் கட்டிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இது. முன்பிருந்த கோவில் இடி விழுந்து எரிந்துபோனதாகச் சொல்கிறார்கள். கட்டி முடித்த தச்சன் நெஸ்டர், இனி இப்படி ஒன்று வரக்கூடாதென்று கோடரியை ஏரியில் வீசினானாம். கதைதான், ஆனாலும் வேலை செய்யும்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

நிஜ உயரம் 37 மீட்டர். 1:100 என்று வைத்தால் மேசைமேல் 37 செ.மீ. சுவருக்கு அங்கே பைன் தடிகள். எனக்குக் கபாப் குத்தும் 3 மி.மீ. மூங்கில் குச்சி. இது கோடைக்காலக் கோவில், உள்ளே கணப்பு கிடையாது. குளிர்காலப் பூசைக்குப் பக்கத்திலேயே வேறொன்று இருக்கிறது. எனக்குப் புகைபோக்கி வேலை மிச்சம்.

குமிழ்களைக் கடைசல் பட்டறையில் கொடுத்தேன். படத்தைப் பார்த்த பெரியவர், "என்ன தம்பி, பம்பரத்தைக் கவுத்து வெச்சிருக்கு?" என்றார். அப்புறம் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஆணியை மட்டும் விட்டுவிட்டு, 22 பம்பரம் கடைந்து கொடுத்தார்.

சரி, அடிவரிசைக்கு வருகிறேன். எட்டுமூலைச் சுவரில் ஒரு பக்கக் குச்சியை 2 மி.மீ. குறைத்து வெட்டியிருக்கிறேன். மூலை சரியாகக் கவ்வாமல் மெல்ல உள்வாங்கி, முப்பதாவது வரிசை வரும்போது கட்டடமே ஏரிப்பக்கம் எட்டிப் பார்த்தது. பிரித்துப் போட மனசில்லை.

கிஷியிலும் கிட்டத்தட்ட இதே சிக்கல்தான். கீழ்த்தடிகள் உளுத்துச் சுவர் சாய, 1980-களில் உள்ளே இரும்புச் சட்டம் நிறுத்தித் தாங்கினார்கள். பிறகு மேல்பகுதியை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து அடுக்கடுக்காகத் தடிகளைக் கழற்றி, உளுத்த இடத்தில் மட்டும் புது மரம் ஒட்டுப்போட்டுத் திரும்பக் கோத்தார்கள். முழுத்தடியையும் மாற்றாமல் பழசை முடிந்தவரை காப்பாற்றியதுதான் என்னைக் கவர்ந்தது. அந்த வேலை முடிய 2020 ஆகிவிட்டது.

நானும் உள்ளே நாலு போல்ட்டை நிறுத்தி, நட்டைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி மேல்பகுதியை ஏற்றினேன். வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்ததும் ஃபெவிகால் இளகியது. குறைக்குச்சியை உருவி, சரியான நீளத்தில் ஒன்றைச் செருகி இறக்கினேன். ஒரு மூலையில் மயிரிழை இடைவெளி இன்னும் தெரிகிறது. அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்திருக்கிறேன்.

'ஒரு ஆணிகூட இல்லாமல் கட்டியது' என்று எங்கும் எழுதுகிறார்களே, அது தடிச்சுவருக்குத்தான் பொருந்தும். குமிழ்களின் மேல் ஓடுபோல வேய்ந்த ஆஸ்பென் மரச் சில்லுகளை ஆணியடித்துத்தான் பொருத்தியிருக்கிறார்கள். வெயிலும் மழையும் பட்டு அவை வெள்ளிபோல மின்னும். மொத்தம் சுமார் 30,000 சில்லுகள். சாம்பல் நிறத் தாளில் பல்வெட்டுக் கத்தரிக்கோலால் பட்டை பட்டையாக வெட்டி, கீழிருந்து மேலாகச் சுற்றி ஒட்டுகிறேன். ஒரு குமிழுக்கு இரண்டு மாலைப்பொழுது பிடிக்கிறது. இதுவரை வேய்ந்தது மூன்றுதான். அதில் ஒன்றைப் பிய்த்துத் திரும்ப ஒட்ட வேண்டும்.