விரலைப் பிழியாதீங்க

லாப்களில் விரல் குத்தி இரத்தம் எடுப்பதைச் சின்ன வேலை என்றுதான் நினைக்கிறார்கள். நரம்பில் எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் மரியாதை, விரல் குத்துவது புதிதாக வந்த பிள்ளையின் தலையில். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நரம்பு தவறினால் பெரும்பாலும் இரத்தமே வராது, அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். விரலில் பிழை விட்டாலும் இரத்தம் வரும், ரிப்போர்ட்டும் வரும், ஆனால் அந்த நம்பரை நம்ப ஏலாது.

பெரிய பிழை பிழிவதுதான். தேங்காய்ப்பூ பிழிகிற மாதிரி விரலை அமத்தினால் சதைக்குள் இருக்கிற நீரும் சேர்ந்து வரும், சிவப்பணுக்களும் உடையும். ஹீமோகுளோபினும் பிசிவியும் (இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை வீதம் என்ற கணக்கு) குறைந்து காட்டும், பொட்டாசியம் ஏறிக் காட்டும். மட்டக்களப்பில் மாரி மழையோடு டெங்கும் வந்துவிடும், அந்த நேரம் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குழாய்க்கு வெளியே கசிகிறதா என்று பார்க்க பிசிவி ஏறுவதைத்தான் டொக்டர் கவனித்துக்கொண்டிருப்பார், நாங்கள் பிழிந்து அதைக் குறைத்துக் கொடுத்தால் யாருக்கு ஆபத்து?

சரி, ஏன் பிழிகிறோம்? இரத்தம் தானாக வராததால். ஏசி அறையில் இருந்த கை குளிர்ந்திருக்கும், அதை வெதுவெதுப்பான துணியால் மூன்று முதல் ஐந்து நிமிடம் சுற்றி வைத்தாலே போதும், சூடு 42 பாகையைத் தாண்டக்கூடாது. அப்புறம் இடம். வயல் வேலை செய்கிற ஐயாமார், வலை இழுக்கிறவர்கள் வந்தால் விரலெல்லாம் காய்த்துக் கிடக்கும், “மகள், பெருவிரல்ல குத்துங்க, அதுதான் மரத்துப்போய்க் கிடக்கு” என்பார்கள். பெருவிரலில் தோல் தடிப்பு, நாடியும் ஓடுகிறது, அதனால் வேண்டாம். சுண்டு விரலில் எலும்பு கிட்ட. அதிகம் பாவிக்காத கையின் நடுவிரலோ மோதிர விரலோ, அதில் நுனிச் சதையின் நடுவிலிருந்து கொஞ்சம் விலகி, ரேகைகளுக்குக் குறுக்காகக் குத்த வேண்டும். ரேகையோடு குத்தினால் இரத்தம் துளியாக நிற்காமல் கோடுகளில் வழிந்து ஓடிவிடும். குத்துகிற சின்ன ஊசியான லான்செட்டைப் பயந்து பயந்து மெல்ல வைப்பதும் வேண்டாம், இரண்டாவது தரம் குத்த வேண்டி வரும். வீங்கின கையில் குத்தவே கூடாது.

ஸ்பிரிட் காயும்வரை பொறுங்கள், ஈரத்தோடு குத்தினால் எரியும், அணுக்களும் உடையும். முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். சுகர் பார்க்க வருபவர் மாம்பழமோ மரமுந்திரிப்பழமோ சாப்பிட்ட கையோடு வந்தால் ஸ்பிரிட் பஞ்சு போதாது, சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், விரலில் ஒட்டின இனிப்பே மீற்றரில் ஏறிவிடும்.

டியூப் வரிசையும் நரம்பில் எடுப்பது மாதிரி இல்லை. குத்தின உடனே இரத்தம் உறைய உதவுகிற பிளேட்லட் அணுக்கள் காயத்தில் ஒன்றுசேரத் தொடங்கும், ஆகவே அணுக்களை எண்ணுகிற ஃபுல் பிளட் கவுண்டுக்கான, இரத்தம் உறையாமல் தடுக்கிற ஈடிடிஏ டியூப் முன்னுக்கு, இரத்தம் உறைந்தபின் பிரிகிற நீரான சீரத்துக்கான டியூப் கடைசியாக.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு விரலே வேண்டாம், குதிகால்தான். அதிலும் பின்வளைவு இல்லை, உள்ளங்காலின் உட்பக்க அல்லது வெளிப்பக்க ஓரம், ஆழம் 2 மில்லிமீற்றருக்கு மேல் போகாமல். தைரொயிட் பரிசோதனைக்கு வட்டங்கள் அச்சிட்ட வடிதாளில் எடுக்கும்போது ஒரு வட்டத்துக்கு ஒரு பெரிய துளி, மறுபக்கம் ஊறித் தெரிய வேண்டும், மேலே மேலே துளி போட்டால் அந்தத் தாள் வீண். முடிந்ததும் பஞ்சால் அழுத்திப் பிடித்தால் போதும், பிளாஸ்டர் ஒட்டாதீர்கள், பிள்ளை கழற்றி வாயில் போட்டுவிடும்.