கொல்லைப்புறத்தில் ஓர் அறை

கும்பகோணத்திலுள்ள எங்கள் வீடு தெற்குப் பார்த்தது. 16 அடி அகலம், 90 அடி நீளம், இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர்கள். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை என்று ரயில் பெட்டி போல நீளும் இவ்வீட்டின் முற்றத்தைத் தாத்தா காலத்திலேயே தளம் போட்டு மூடிவிட்டதால், கொல்லைக் கதவு வழியே வருவதுதான் உள்ளே வெளிச்சம். பகல் பதினொரு மணிக்கும் அம்மா விளக்கைப் போட்டுக்கொண்டுதான் முறத்தில் உளுந்து புடைப்பார்.

சாப்பாட்டு மேசையோடு பெரிய அடுக்களை ஒன்றைக் கொல்லையில் கட்ட முடிவு செய்தபோது, மேஸ்திரி பழைய பின்சுவரை ஒட்டியே அறையை வரைந்து கொடுத்தார். தாளில் அது அழகாகத்தான் இருந்தது. ஒரு மத்தியானம் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தின் முள் தெரியவில்லை. புது அறை பளிச்சென்று இருக்கும், பழைய வீடு குகையாகிவிடும்.

ஆகவே, பின்னால் விதிப்படி விட வேண்டிய இடம் போக, புது அறையை 5 அடி தள்ளிக் கட்டி, நடுவே வானம் தெரியும் சிறு முற்றம் ஒன்றை விட்டோம். அதன் ஓரமாக ஒரு மூடிய நடை இரண்டையும் இணைக்கிறது. முற்றத்துச் சுவர்களுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்ததில் பாதி வெளிச்சம் வந்தது என்பேன்.

கூரையில் கண்ணாடி பதிக்கும் யோசனையை மறுத்துவிட்டேன். நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 பாகை வடக்கே இருப்பதால், சித்திரை முதல் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. கூரைக் கண்ணாடி அறையை அடுப்பாக்கிவிடும். மாறாக, வடக்குச் சுவரில் 8 அடி அகல ஜன்னல் வைத்தோம். சூரியன் அவ்வளவு உயரத்தில் இருப்பதால், இரண்டரை அடி சன்ஷேடு நடுப்பகல் வெயிலை முழுவதும் மறித்துவிடுகிறது; ஐப்பசிச் சாரலுக்கும் அதுவே காப்பு.

முற்றத்து வடிகாலுக்கு மூன்று அங்குலக் குழாய் போதும் என்று நம்பியது என் தவறு. முதல் அடைமழையிலேயே வேப்பிலை அடைத்துத் தண்ணீர் நடைக்குள் ஏறியது. பிறகு தரையைப் பெயர்த்து ஆறு அங்குலம் போட்டோம். இன்னொன்றையும் கவனிக்கத் தவறினேன்: வைகாசி, ஆனி மாதங்களில் வடமேற்கே சாயும் மாலை வெயில் சன்ஷேடின் அடியில் நுழைந்து, சரியாகச் சாப்பாட்டு மேசையில் வந்து விழுகிறது. இப்போதைக்கு அங்கே ஒரு மூங்கில் தட்டி தொங்குகிறது.