நான் ஆஸ்பத்திரியில், வண்டி ரேஸில்

மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓட்டுகிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு ஸ்பீடு போவீங்க?" அடுத்தது, "வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

ஸ்பீடு பெரிதாக ஒன்றும் இல்லை. என் வண்டி நிஞ்ஜா 400. 399 சிசி, இரண்டு சிலிண்டர். அதே டிராக்கில் என்னோடு ஓடும் 600, 1000 சிசி வண்டிகளுக்கு நான் ஹைவேயில் குறுக்கே வந்த மாட்டு வண்டி. வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஓட்டுவது என்டூரன்ஸ். ஒரே வண்டியை மூன்று நான்கு பேர் மாற்றி மாற்றி, நான்கு மணி நேரமோ ஆறு மணி நேரமோ ஓட்டுவது. 1922-இல் பிரான்ஸில் போல் தோர் என்ற ரேஸ் முதல்முறை நடந்தபோது ஒரே ஆள் 24 மணி நேரமும் ஓட்டியாக வேண்டும் என்பதுதான் விதி. மனிதர்களுக்குப் பின்னால்தான் புத்தி வந்தது. இன்றைக்கு அதே 24 மணி நேரத்தை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 1978-இல் தொடங்கிய ஜப்பானின் சுசுகா எட்டு மணி நேர ரேஸை ஹோண்டாவும் யமஹாவும் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்கின்றன. அந்த ஏணியின் கடைசிப் படிக்குக் கீழே, தரையில் நிற்பவர்கள் நாங்கள்.

எங்கள் அணியின் கேப்டன் ஒரு பிளம்பர். ஐம்பதைத் தாண்டியவர். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறார். மூன்றாவது ஆள் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர். வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றும்போது இன்ஜினை அணைத்திருக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் தீயணைப்பானோடு தயாராக நிற்க வேண்டும் என்று விதி இருப்பதால் அவருக்கு எங்கள் பிட்டில் (டிராக்கோரம் வண்டியை நிறுத்திப் பெட்ரோல் ஊற்றும் இடம்) தனி மரியாதை. நான் அட்லாண்டா பக்கம் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறேன், சொந்த ஊர் கோயமுத்தூர். ஸ்பான்சர் யாரும் கிடையாது. கேப்டனின் வேனில் அவருடைய பிளம்பிங் கடை போன் நம்பர் இருக்கும், அவ்வளவுதான்.

சின்ன வண்டியில் ஒரு சௌகரியம் உண்டு. 14 லிட்டர் டேங்கை நிரப்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடும். பெரிய வண்டிகள் ஒவ்வொரு லேப்பிலும் நம்மைத் தாண்டிப்போகும், ஆனால் பெட்ரோலுக்கும் டயருக்கும் நம்மைவிட அடிக்கடி பிட்டுக்கு வரும். நாங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருப்போம். எல்லா கிளாஸும், அதாவது சின்ன வண்டி, பெரிய வண்டி என்ற எல்லாப் பிரிவும், ஒரே நேரத்தில் ஒரே டிராக்கில் ஓடுவதால் இந்த ரேஸில் பாதி வேலை பின்னால் வருகிறவனைச் சமாளிப்பதுதான்.

நான் விழுந்தது பார்பர் என்ற டிராக்கில். அட்லாண்டாவிலிருந்து ஐ-20 பிடித்து மேற்கே இரண்டரை மணி நேரம், அலபாமாவில் பர்மிங்ஹாம் பக்கத்தில் லீட்ஸ் என்ற ஊர். மாநில எல்லையைத் தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், விடிகாலையில் கிளம்புகிறவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். 2003-இல் திறந்த டிராக். 3.8 கிலோமீட்டர், முழுக்க ஏற்றமும் இறக்கமும். புல்வெளியைப் பார்த்தால் யாரோ கல்யாணத்துக்காக வெட்டி வைத்ததுபோல் இருக்கும். உள்ளேயே இருக்கும் மியூசியத்தில் 1,600-க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள். ஐந்தாம் வளைவில் ராட்சத சிலந்திச் சிலை ஒன்று உட்கார்ந்திருக்கும். வேகத்தையெல்லாம் கொட்டிவிட்டு இறுக்கித் திரும்ப வேண்டிய ஹேர்பின் அது. முந்துகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் முந்துவார்கள்.

என் பின்னால் வந்த 600-ம் அங்கேதான் முந்தியது. நான் பிரேக் பிடித்து வண்டியைச் சாய்க்கும்போது அவர் உள்பக்கமாக நுழைந்தார். நுழைந்தது சரியான இடம்தான். ஆனால் அவருடைய முன் டயர் பிடி விட்டது. படுத்துச் சறுக்கிய வண்டி என் முன் சக்கரத்தை வாரிக்கொண்டு போனது. இடது தோள் தரையில் பட்டதும் ஹெல்மெட்டுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். லெதர் சூட்டுக்குள் இருக்கும் ஏர்பேக் அதற்குள் விரிந்து கழுத்தையும் மார்பையும் இறுக்கிப் பிடித்திருந்தது. "அப்போ எப்படி எலும்பு ஒடிஞ்சது?" என்று கேட்கிறார்கள். ஏர்பேக் இல்லாவிட்டால் என்னென்ன ஒடிந்திருக்கும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

எமர்ஜென்சியில் நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தார். ரேஸ் ஓட்டும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த நேரத்தில் வலியைவிடப் பெரிய பயம் அந்தக் கத்தரிக்கோல்தான். லெதர் சூட் ஆயிரம் டாலருக்கு மேல். வெட்டாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இன்னொரு ஆளைக் கூப்பிட்டு, மெதுவாக உருவினார். அந்தச் சில நிமிடங்களில் எனக்குத் தெரிந்த தமிழ் முழுக்க வெளியே வந்தது. கழுத்துப்பட்டை எலும்பு (காலர் போன்) மூன்று துண்டு, விலா எலும்பில் இரண்டு கீறல். தலைக்கு ஒன்றும் இல்லை. ஹெல்மெட் மட்டும் குப்பைக்கு. உள்ளே இருக்கும் ஃபோம் ஒரு அடிக்குத்தான்.

என் வீட்டுக்காரர் ரேஸ் பார்க்க வரமாட்டார். பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது என்பார். வீட்டில் உட்கார்ந்து போனில் லைவ் டைமிங் மட்டும் பார்ப்பார். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு டிரான்ஸ்பாண்டர் இருக்கும். ஃபினிஷ் லைனைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் லேப் நேரம் திரையில் விழும். அன்றைக்கு எங்கள் நம்பர் திடீரென்று நின்றுபோனதைப் பார்த்திருக்கிறார். பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒன்றும் இல்லை. எனக்குப் போன் போட்டிருக்கிறார், என் போன் பிட்டில் ஒரு பைக்குள் கிடந்தது. எழுந்து போய்ச் சட்டை மாற்றிக் கார் சாவியைத் தேடும்போது திரையில் எங்கள் நம்பர் மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறது. அப்பாடா என்று உட்கார்ந்து டீ போட்டுக் குடித்திருக்கிறார்.

ஓடியது வண்டி. நான் அப்போது எக்ஸ்ரே மேசையில் இருந்தேன்.

நடந்தது இதுதான். விழுந்த வண்டியை டிரக்கில் ஏற்றி பிட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கேப்டனை என்னோடு ஆம்புலன்ஸில் அனுப்பிவிட்டு மற்ற இருவரும் வளைந்த ஹேண்டில்பாரைக் கழற்றி வேறு போட்டார்கள். கிளட்ச் லீவர், கால் வைக்கும் ஃபுட்பெக் மாற்றினார்கள். வண்டியின் வெளிக்கூடான ஃபேரிங்கின் பிளவுகளை டேப்பால் ஒட்டினார்கள். என்னை இடித்தவரின் வண்டிக்கு அன்றைய ரேஸ் அத்தோடு முடிந்துவிட்டது. அவர் நொண்டிக்கொண்டே எங்கள் பிட்டுக்கு வந்து டேப் கிழித்துக் கொடுத்தாராம். விழுந்த வண்டியை அதிகாரிகள் மறுபடி சோதித்து, ஆயில் ஒழுகவில்லை, போல்ட் கழலாமல் கட்டியிருக்கும் லாக் வயர் அறுபடவில்லை என்று பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். வேதியியல் வாத்தியார் ஏறிப்போனார். கிளாஸில் நான்காவது இடம். அந்தச் செய்தியோடு, உடம்பெல்லாம் சாம்பல் நிற டேப் சுற்றிய என் நிஞ்ஜாவின் படம் கேப்டனின் போனுக்கு வந்தது. பார்த்ததும் எனக்கு வந்தது பெருமையா பொறாமையா என்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பொறாமைதான் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன்.

கேப்டன்தான் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். டீ குடித்து முடித்த ஆளுக்கு எப்படி இருந்திருக்கும்! என்னிடம் அவர் கோபப்பட்டது நான் விழுந்ததற்கு இல்லை, அந்த டிரான்ஸ்பாண்டருக்குத்தான். இப்போது எங்கள் அணியில் புதுச் சட்டம்: யார் விழுந்தாலும் முதலில் வீட்டுக்கு மெசேஜ், அப்புறம்தான் ஸ்பேனர்.

சில நாளில் ஆபரேஷன். டைட்டேனியம் பிளேட் வைத்துத் திருகினார்கள். எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பினேன். அப்பா கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, டைட்டேனியமா, எஸ்.எஸ்ஸா?" என்றார். அப்புறம், "திரெட் நல்லா போட்டிருக்கான். ஆனா அந்தக் கடைசி ஸ்க்ரூ கொஞ்சம் சாஞ்சாப்ல இல்ல?" பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "அந்த வண்டிய வித்துப் போட்டுரு சாமி. என்னத்துக்கு உனக்கு இந்த வேண்டாத வேல? புத்தூர்ல போயிக் கட்டுக் கட்டியிருந்தா கத்தியே வெச்சிருக்க மாட்டாங்க." அலபாமாவிலிருந்து புத்தூர் எத்தனை தூரம் என்று நான் சொல்லவில்லை.

அம்மா பிரண்டை சாப்பிடச் சொன்னார். இரண்டு தெரு தள்ளி ஒரு திருநெல்வேலிக்காரம்மா தொட்டியில் பிரண்டை வளர்க்கிறார், குளிர்காலத்தில் அதை வீட்டுக்குள் தூக்கி வைத்து ஜன்னலோரம் காப்பாற்றுகிறார். வாராவாரம் துவையல் வந்தது. நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி வைக்காவிட்டால் நாக்கு நமைக்கும், அவருக்கு அந்தப் பக்குவம் கைவந்தது. எலும்பு கூடியது டைட்டேனியத்தாலா பிரண்டையாலா என்று அம்மாவிடம் வாதாடத் தெம்பில்லை.

எலும்பு ஆறுவது பெரிய கதை இல்லை, அது தானாக நடக்கிறது. மற்றவைதான் சள்ளை. படுத்தால் விலா குத்தும் என்று சாய்வு நாற்காலியில் தூங்கினேன். ஒற்றைக் கையால் தலை பின்ன முடியாது. பத்து வயது மகள் பின்னிவிட்டாள், கோணல்மாணலாக. தையலுக்குக் கீழே மார்பில் உள்ளங்கை அளவுக்கு உணர்ச்சியே இல்லாமல் போனது. தோல் நரம்பை விலக்கித்தான் பிளேட் வைக்க முடியும், இது பலருக்கு ஆவதுதான் என்றார் டாக்டர். அந்த இடம் இப்போதும் மரத்தேதான் இருக்கிறது. பிசியோதெரபியில் சுவரில் விரல்களால் நடந்து கையை மேலே ஏற்றும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறித்துவைத்தேன். மகளின் உயரத்தை வருடாவருடம் குறிக்கும் அதே சுவர். கொஞ்ச நாள் அவள் தலை என் விரலைவிட உயரத்தில் இருந்ததில் அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: விபத்துக்கு வேறு யாராவது காரணமா, யார்மீதாவது வழக்குப் போடும் எண்ணம் உண்டா? டேப் கிழித்துக் கொடுத்தவர்மீதா? இல்லை என்று டிக் செய்து அனுப்பினேன். சில பாலிசிகளில் ரேஸ் காயத்துக்குப் பணமே கிடையாது. இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் ஹெல்மெட் வாங்குவதற்கு முன்னால் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

அணிகள் கூடாரம் போடும் பேடக்கில் எல்லாரும் எனக்குச் சொன்ன கதை, மோட்டோஜிபி என்ற உலக சாம்பியன்ஷிப்பில் ஓட்டிய லொரென்சோவுடையது. 2013-இல் நெதர்லாந்தின் ஆசன் டிராக்கில் வியாழக்கிழமை காலர் போன் ஒடித்து, பார்சிலோனா பறந்துபோய் பிளேட் வைத்து, சனிக்கிழமை ரேஸில் ஐந்தாவதாக வந்தவர். கேட்க உடம்பு சிலிர்க்கும். அதே மோட்டோஜிபியின் மார்க்கெஸ் கதையை ஏனோ யாரும் சொல்வதில்லை. 2020-இல் ஸ்பெயினின் ஹெரெஸ் டிராக்கில் மேல்கை எலும்பு ஒடிந்து, ஆபரேஷன் ஆன சில நாளிலேயே வண்டி ஏறிப் பார்த்தார். பிளேட் பழுதாகி மறு ஆபரேஷன், டிசம்பரில் மூன்றாவது, 2022-இல் நான்காவது. உலக சாம்பியனுக்கே அந்தக் கதி. திங்கட்கிழமை காலை ஆபீஸ் மீட்டிங் இருக்கிற எனக்கு என்ன அவசரம்? என்டூரன்ஸில் முதல் மணி நேரத்திலேயே டயரைத் தேய்த்துவிட்டால் கடைசி மணி நேரத்தில் வண்டி கைக்கு அடங்காது. இதை வண்டிக்கு ஒப்புக்கொள்கிற ஆட்கள் தோளுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

டாக்டர் சரி என்ற பிறகும் நேராக ரேஸுக்குப் போகவில்லை. சவானா பக்கம் ரோப்ளிங் ரோடு டிராக்கில் ஒரு பயிற்சி நாளுக்குப் போனேன். தட்டையான டிராக், ஒன்பது வளைவு. பிரேக் பிடிக்கும்போது உடம்பின் பாரம் முழுக்கக் கைக்கு வரும், அதை முழங்காலால் டேங்கைக் கவ்விப் பிடித்துச் சமாளித்தேன். தோள் ஒத்துழைத்தது. மக்கர் செய்தது காது. பின்னால் நான்கு சிலிண்டர் வண்டியின் ஊளை கேட்டதும், நான் நினைக்காமலே வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கியது. வழி விடுவது நல்ல பழக்கம் ரோட்டில். டிராக்கில் அதுதான் ஆபத்து. முந்துவது முந்துகிறவன் பொறுப்பு, நம் வேலை அவன் எதிர்பார்க்கிற கோட்டிலேயே போவது. இதைப் புதியவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கேப்டன் ஒரு வைத்தியம் செய்தார். ஒரு 600-ஐக் கடன் வாங்கி, நாள் முழுக்க என்னைச் சுற்றிச் சுற்றி முந்தினார். உள்பக்கம், வெளிப்பக்கம், நேர்க்கோட்டில், வளைவின் நடுவில். ஒவ்வொரு தடவையும் தாண்டிய பிறகு இடது கையைத் தூக்கி ஆட்டுவார். மதியத்துக்கு மேல் எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்த பிறகு ஒதுங்கவில்லை.

பிளேட்டை எடுப்பதா வேண்டாமா என்பது மட்டும் பாக்கி. எடுத்தால் திருகு ஓட்டைகள் தூரும் வரை அந்த எலும்பு பலவீனம், மறுபடி ஓய்வு. எடுக்காமல் திரும்ப விழுந்தால் பிளேட்டின் முனையில் ஒடிந்து வேலை சிக்கலாகும். டாக்டர் இரண்டு பக்கமும் பேசுகிறார். வீட்டுக்காரர், எடுப்பதானால் சீசன் நடுவில் எடு என்கிறார், அவர் கணக்கு எனக்குப் புரிகிறது. அடுத்த ரேஸில் முதல் ஸ்டின்ட் (ஓட்டும் முறை) வாத்தியாருக்கு, இரண்டாவது எனக்கு. புது லீவர் செட் வந்துவிட்டது. ஃபேரிங் மட்டும் இன்னும் டேப்போடுதான் இருக்கிறது, அதற்கு இந்த மாதம் பட்ஜெட் இல்லை.