கள்ளுக்கு ஒரு பகல்: எழுவான்கரைத் தவறணைகள்

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். வீதிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் கிடக்கும் மணல்தான் எழுவான்கரை. களுவாஞ்சிகுடி, களுதாவளை, செட்டிபாளையம், குருக்கள்மடம், ஆரையம்பதி என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். கள்ளு விற்கும் இடமான தவறணையைப் பிரதான வீதியில் பெயர்ப்பலகை பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குறுக்கு வீதியொன்றில் சந்திக்குச் சற்று உள்ளே, வெயில் ஏறுமுன்னரே சைக்கிள்கள் சாத்தியிருக்கும் கொட்டிலைப் பாருங்கள். காத்தான்குடி போன்ற முஸ்லிம் ஊர்களுக்குள் அது கிடையாது.

தவறணை ஏன் அந்த மூலையில் நிற்கிறது? கள்ளுக்கு ஆயுள் ஒரு பகல். பாளையில் கட்டிய முட்டி என்ற மண்பானையில் விழும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு மதுசாரம் ஏறும். மறுநாள் புளிப்பு மேலெழும்பும், அதற்குப் பிறகு வினாகிரிதான். சாராயம் பீப்பாவில் கிடந்து மெருகேறும், கள்ளு காத்திருக்காது. சீவுகிறவர் முட்டியை இறக்கிச் சைக்கிளில் கொண்டுவந்து சேர்க்கக்கூடிய தூரத்தில்தான் விற்கும் இடம் இருக்க முடியும். தோப்பு எங்கேயோ தவறணையும் அங்கே.

சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அவர்களுடைய ‘தவேர்ணா’ நமக்குத் தவறணை, சிங்களத்தில் ‘தெபேரும’. 1628இல் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் கோட்டை கட்டியவர்கள் பத்து ஆண்டுகளில், 1638இல், அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். சொல் மட்டும் போகவில்லை. அவர்கள் மொழியின் கிரியோல் என்ற கலப்பு வடிவத்தை மட்டக்களப்புப் பறங்கியர் சிலர் இன்றும் வீட்டில் பேசுகிறார்கள்.

ஒல்லாந்தர் சாராய வருமானத்தைக் குத்தகைக்கு விட்டார்கள், ஆங்கிலேயரும் அதையே தொடர்ந்தார்கள். ஏலத்தில் எடுத்தவரே அந்தப் பகுதியின் முதலாளி. சாராயமும் கள்ளும் ஒரே குத்தகைக்குள் கிடந்த காலம் அது. இதைப் பிரித்தது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தோடு வந்த சீர்திருத்தம். கள்ளுக்கென்று தனித் தவறணைகள் திறக்கப்பட்டபோது தென்னிலங்கையில் மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்தது. இன்று நாம் பார்க்கும் ‘கள்ளுத் தவறணை’ என்ற தனி வகை அந்தப் பிரிவினையில் பிறந்ததுதான். 1970களில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு, ஏலம் எடுத்தவர் கையிலிருந்த தவறணை பல இடங்களில் மரமேறியவர் கைக்கு மாறியது. மூன்று நூற்றாண்டுக் கதையில் மரமேறுகிறவருக்கு வாய்த்த நல்ல திருப்பம் இது ஒன்றுதான்.

கதையை உடைத்தவை காற்றும் கடலும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்புத் தென்னைகளை வரிசை வரிசையாகச் சாய்த்தது. நெட்டைத் தென்னை மறுபடி பாளை தள்ள ஆறேழு ஆண்டு வேண்டும். பனை காற்றுக்கு நின்றுபிடிக்கும், ஆனால் விழுந்தால் அடுத்தது பாளை விடப் பன்னிரண்டு ஆண்டுக்கும் மேலாகும். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது நாவலடி, கல்லடிக் கரையோரம் வீடு, தோப்பு என்று பாராமல் அழிந்தது. போர்க்காலத்தில் ஊரடங்கு விழுந்தால் அந்திச் சீவல் தவறும். இரண்டு நேரம் தவறினாலே வெட்டுமுகம் காய்ந்து, பாளை மறுபடி சுரக்க நாட்கள் எடுக்கும்.

அந்தச் சீவலைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தென்னையில் வெடிக்க இருக்கும் பாளையைத் தேர்ந்து, பூ விரியாதபடி அடியிலிருந்து நுனிவரை நாரால் இறுகச் சுற்றிக் கட்டுவார்கள். நுனியை வெட்டி, சிறு பொல்லால் காலையும் மாலையும் மெதுவாகத் தட்டுவார்கள். ஒரு வாரம் போல இப்படித் தட்டினால் பாளை இளகிச் சொட்டத் தொடங்கும். பிறகு அதை வளைத்துக் கட்டி முட்டியைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு நேரமும் மெல்லிய சீவு ஒன்று. கைப்பக்குவம் முழுவதும் அந்தத் தட்டலில்தான். ஓங்கித் தட்டினால் உள்ளே கருகி அழுகும். தட்டு போதாவிட்டால் சாறு இறங்காது. மழுங்கிய கத்தி முகத்தைக் கிழித்துவிடும், கிழிந்த முகம் சொட்டாது. நல்ல தென்னை நாளுக்கு ஒரு லீற்றருக்கு மேல் தரும், ஒரு பாளை ஒரு மாதம் போல ஓடும். களுத்துறைக் கரையில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி அதன்மேல் நடக்கிறார்கள். பனைக்கு அது சரிவராது. காலில் தளைநார் போட்டு ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கியே ஆக வேண்டும், அதுவும் நாளுக்கு இரண்டு தரம்.

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதிப்பு நின்று பதநீர் கிடைக்கும். பனங்கட்டிக்கு அதுதான் வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் பொங்கும், கூடினால் கைக்கும். கள்ளு முட்டிக்குச் சுண்ணாம்பு இல்லை. ஆனால் அடிமண்டியை நாள்தோறும் கழுவ வேண்டும். கழுவாத முட்டியின் கள்ளு காலையிலேயே புளித்திருக்கும். மாரியில் மழைநீர் இறங்கிக் கள்ளு வெளிறிப்போகும். பனங்கள்ளுக்குத் தை பிறந்து ஆடி வரையான மாதங்களே நல்ல பருவம், தென்னங்கள்ளு ஆண்டு முழுவதும் உண்டு.

போகிறவர்கள் காலையில் போங்கள். இரவுக் குளிரில் ஊறிய கள்ளு இனிப்பாக இருக்கும், அந்திக் கள்ளுக்கு வெயில் காரம் ஏற்றிவிடும். ஊற்றும்போது தேனீயும் பூவும் தங்கும்படி வடித்துத்தான் தருவார்கள். நல்ல கள்ளு பால் கலங்கிய நிறம், நுரை சிறு குமிழாக நின்று மெல்ல அடங்கும். தண்ணீரும் சீனியும் சேர்த்தது முதல் மடக்கில் இனித்து அடுத்ததில் சப்பென்றாகும். ஓலையை மடித்துச் செய்த பிளா கிடைத்தால் அதிலேயே குடியுங்கள், பிளாஸ்ரிக் குவளையில் அந்த மணம் வராது. பைற்றுக்கு, அதாவது கள்ளோடு கடிக்க, வாவி இறாலோ பொரித்த மீனோ போதும்.

பௌர்ணமியான போயா தினத்தில் கதவு பூட்டு. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது. தவறணையில் பெண்களுக்கு விற்பதைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டு விதி 2018 ஜனவரியில் சில நாள் நீங்கி, ஜனாதிபதி தலையிட்டதும் திரும்பிவந்தது. பதநீர் காய்ச்சிப் பனங்கட்டி ஆக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை என்பதை நினைத்தால் இது சரியான விதியாகப் படவில்லை.

போத்தலில் வாங்கிப் போவதானால் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியை இறுக்காதீர்கள். நொதிப்பு உள்ளே நடந்துகொண்டே இருக்கும், வாயு அடைபட்டால் கண்ணாடி வெடிக்கும். பஸ்ஸில் காலடியில், வெயில் படாமல் வையுங்கள். மத்தியானத்துக்குள் குடித்து முடித்துவிடுங்கள். மிஞ்சினதை ஊற்றிவிட வேண்டாம், இரண்டு கிழமை வாய் திறந்து துணி கட்டி வைத்தால் மீன் கறிக்கு நல்ல வினாகிரி.