கருங்கல் இடுக்கில் கிடக்கும் கணக்கு

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி வளர்ந்தவர்களுக்குக் கடற்கரை என்றதும் மணலுக்கு முன் கருங்கல்தான் நினைவுக்கு வரும். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணல் துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கி மெரினாவை அகலமாக்கியது. மணல் வந்து சேராத வடபக்கத்தில் கடல் கரையை அரித்தது, வீடுகளையும் கொண்டுபோனது. மிஞ்சியதைக் காக்கக் கொட்டிய பாறைகளும் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும்தான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வடக்கே நாங்கள் உட்கார்ந்து காற்று வாங்கும் இடம். போன ஞாயிற்றுக்கிழமை காலை அப்படி ஓரிடத்தில், மூன்று கற்கள் சேரும் இடுக்கில் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை இறங்கியது. ஒன்றுக்குள் ஒன்று சுருண்ட இரண்டு கறுப்புக் கவர்கள், சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளி உட்புறம், முனை கடித்த தண்ணீர்ப் பாக்கெட், நைலான் வலைத் துண்டில் சிக்கிய ஒற்றைச் செருப்பு, தொட்டால் பொரி போல உதிரும் தெர்மாகோல் என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு இதே இடத்தில்தான் கடற்கரைத் தூய்மைப் பணி நடந்தது. நானும் அதில் இருந்தேன்.

அன்று வந்தவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. விடியற்காலையில் எழுந்து, கையுறை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு கரையில் குனிந்து குப்பை பொறுக்கிய கல்லூரிப் பிள்ளைகளின் அக்கறை உண்மையானது. ஆனால் பணி முடிந்ததும் மூட்டைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, எத்தனை பேர் என்று அறிவித்தவுடன், முயற்சி வெற்றி பெற்றுவிட்டது என்று நாங்கள் எல்லாருமே எடுத்துக்கொண்டோம். பொழுதுபோக்க மக்கள் வந்துபோகும் ஒரு கடற்கரையில் பிளாஸ்டிக் குறைந்ததா என்று அறிய, எடுத்ததை எண்ணினால் போதாது. எடுத்த இடத்தில் எவ்வளவு திரும்பி வந்தது, எடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்ற இரண்டையும் கேட்க வேண்டும். நான் கலந்துகொண்ட எந்தப் பணியிலும் இந்த இரண்டு கேள்விகளையும் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் கடற்கரைத் தூய்மை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2022-ஆம் ஆண்டு மத்திய அரசு 75 நாள்களில் 75 கடற்கரைகள் என்ற பெயரில் ஓர் இயக்கத்தை நடத்தி, அதை அந்த நாளில், செப்டம்பர் 17 அன்று, நிறைவு செய்தது. 1,500 டன் குப்பையை அகற்றுவது என்று அதன் இலக்கும் எடையில்தான் சொல்லப்பட்டது. இந்த எடைக் கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. சாக்கில் சேரும் ஈர மணலும் ஊறிப்போன துணியும் எடையில் பாதியைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு காலி பீர் பாட்டில் ஏறக்குறைய நூறு மெல்லிய கவர்களின் எடை இருக்கும். ஆமையின் வயிற்றிலும் மீனின் செவுளிலும் போய்ச் சிக்குவதோ அந்தக் கவர்தான். தெர்மாகோலுக்குத் தராசில் மதிப்பே கிடையாது. எடையை மட்டும் பார்த்தால், கண்ணாடி பொறுக்கிய குழு வென்றதாகவும் கவர் பொறுக்கிய குழு தோற்றதாகவும் ஆகிவிடும்.

பெட் பாட்டில் இன்னொரு பாடம் கற்றுத்தருகிறது. எங்கள் கரையில் கற்களுக்கு மேல் பெட் பாட்டில் அதிக நேரம் கிடப்பதில்லை. காலை ஆறு மணிக்குள் யாராவது ஒருவர் தோளில் கோணியோடு வந்து அவற்றைச் சேகரித்துப் போய்விடுகிறார், ஏனென்றால் காயலான் கடையில் அதற்குக் கிலோ கணக்கில் காசு கிடைக்கும். கவருக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் அந்தக் கடையில் இடமில்லை. ஈரமும் மீன் வாடையும் ஏறிய கவரை யாரும் வாங்க மாட்டார்கள், பல அடுக்கு ஒட்டிய வெள்ளித்தாளைப் பிரித்து உருக்கவும் முடியாது. ஆகவே ஓர் ஆய்வுக் குழு வந்து பாட்டில்கள் குறைந்திருப்பதைக் கண்டு, விழிப்புணர்வுப் பலகை வைத்ததால்தான் குறைந்தது என்று எழுதினால் அது தவறான முடிவாகும். பாட்டில் குறைந்ததற்குக் காரணம் அதன் விலையும், அந்த விலைக்காக இருட்டில் கல் மேல் ஏறி இறங்கும் மனிதரின் உழைப்பும்தான். அவருக்குக் கையுறைகூட யாரும் கொடுத்ததில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, துணி போலத் தோன்றும் நெய்யாத பை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் சில பொருள்களுக்குத் தடை வந்தது. அந்த ஆண்டின் கடைசி நாள் முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனுள்ள பிளாஸ்டிக் தூக்குப்பைகளும் கூடாது என்றானது. 2021 டிசம்பரில் மாநில அரசு மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கி, காசு போட்டால் பை தரும் இயந்திரங்களையும் வைத்தது. மஞ்சப்பை நல்ல முயற்சி என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டில் காய்கறிக்கும் மளிகைக்கும் அதுதான் போகிறது. ஆனால் காசிமேட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் காய்கறி வாங்க வருவதில்லை.

என் அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொடுக்கும் அக்காவிடம், கவரை நிறுத்தக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே பதில் சொன்னார். "மஞ்சப்பையில மீனப் போட்டா, தண்ணி வடிஞ்சி, பஸ்ஸுல கண்டக்டரு எறக்கி வுட்டுருவாரு தம்பி. கவரு இல்லேன்னா பக்கத்துக் கடையில வாங்கிக்கினு போயிடுறாங்க. நான் ஒருத்தி நிறுத்தினா என்னா ஆவப்போது?" அவர் சொன்ன இரண்டிலும் நியாயம் இருக்கிறது. துணிப்பை ஈரச் சரக்குக்கு உதவாது. ஒரு கடை மட்டும் நிறுத்தினால் அந்தக் கடைக்குத்தான் நட்டம். என் பாட்டி மீனுக்கு மூடி போட்ட அலுமினியத் தூக்கை ஒயர் கூடையில் வைத்து எடுத்துப்போவார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே மீன் வாங்கப் போகிறோம் என்று தெரிந்தவருக்கு அது பொருந்தும். அண்ணாநகரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ விடுமுறையில் துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்க வந்து, ஆசைப்பட்டு ஒரு கிலோ இறால் வாங்குபவரிடம் தூக்கு இருக்காது. வந்துபோகிறவர்களால் பிழைக்கும் ஊரின் சிக்கலே இதுதான். உள்ளூர்க்காரரைப் பழக்கிவிடலாம், ஒருநாள் வருபவரைப் பழக்குவதற்குள் அவர் போய்விடுவார்.

ஒருநாள் வருபவரையும் மாற்றிய ஒரு முயற்சி நம் மாநிலத்திலேயே இருக்கிறது, அது கடலோரத்தில் நடந்ததன்று. நீலகிரியில் காட்டில் வீசப்பட்ட மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்ததால், சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டலில் 2022-இல் டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின. குடித்தவர் திருப்பித் தராமல் வீசினாலும், அதை எடுக்கும் இன்னொருவருக்கு 10 ரூபாய் கிடைத்தது. இந்த முறையில் வெற்றியை அளப்பதும் எளிது: விற்றது எத்தனை, திரும்பியது எத்தனை என்று கணக்குப் புத்தகமே சொல்லிவிடும். காசிமேட்டில் மூடி போட்ட ஒரு டப்பாவை முன்பணத்துக்குக் கொடுத்து, துறைமுக வாசலிலோ அடுத்த வாரமோ திருப்பி வாங்கும் ஏற்பாட்டை எல்லாக் கடைகளும் ஒரே நாளில் தொடங்கினால், அக்காவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

கடலுக்குள் போகிறவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கேரளத்தின் கொல்லம் மாவட்டம் நீண்டகரையில் 2017-இல் தொடங்கிய திட்டத்தில், விசைப்படகுக்காரர்கள் வலையில் ஏறிய பிளாஸ்டிக்கைக் கடலிலேயே திரும்பக் கொட்டாமல் பையில் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மீனவக் குடும்பப் பெண்கள் அதைக் கழுவித் தரம் பிரித்தார்கள். தூளாக்கியது சாலை போடப் போனது. பிளாஸ்டிக் தூளைத் தாரோடு கலக்கும் அந்தத் தொழில்நுட்பம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கியது. இங்கே எனக்குப் பிடித்தது சாலையைவிட, தரம் பிரித்தவர்களுக்குக் கூலி கிடைத்ததுதான். தன்னார்வத்தை நம்பி ஓர் ஊர் எத்தனை வாரம் ஓடும்?

சுற்றுலாவுக்குப் பேர்போன கரைகளின் அனுபவத்தையும் இதே கண்ணோடு பார்க்கிறேன். பிலிப்பீன்ஸின் போராகே தீவை 2018-இல் ஆறு மாதம் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடினார்கள். பாலியில் 2019-இல் பைகளையும் உறிஞ்சுகுழல்களையும் தெர்மாகோலையும் தடைசெய்தார்கள். ஆனாலும் பாலியின் கரையில் மழைக்காலக் காற்றோடு ஆண்டுதோறும் குப்பை ஒதுங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஏனென்றால் அது விடுதிகளிலிருந்து மட்டும் வருவதன்று, ஆறுகளிலிருந்தும் வருகிறது. நம் பக்கத்தில் கோவளம் 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. நீரின் தரம், கழிப்பறை, குப்பைத்தொட்டி என்று 33 அளவுகோல்களைப் பார்த்துக் கொடுக்கும் சான்று அது. அளவுகோல் வைத்துப் பார்ப்பதே பாராட்டத் தக்கது. ஆனால் சான்று ஒரு குறிப்பிட்ட கரைத்துண்டுக்கு மட்டுமே, அதற்கு அடுத்த கரைக்கு இல்லை. இப்போது வடசென்னைக் கடற்கரைகளையும் அழகுபடுத்தும் பேச்சு நடக்கிறது, அது நடக்கவும் வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்கும் நடைபாதையும் விளக்கும் தேவை. ஆனால் மணலைச் சலிக்கும் இயந்திரம் கருங்கல்லில் ஏறாது. மெரினாவுக்காக வகுத்த தூய்மைத் திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால், இடுக்கில் இருப்பது இடுக்கிலேயே கிடக்கும்.

ஆறு என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும், அந்தக் கால்வாயில் விழும் மழைநீர்க் கால்வாய்களும் ஊருக்குள் வீசியதையெல்லாம் அடித்துக்கொண்டு வருகின்றன. 2015-இல் சென்னைக் கரையில் பிளாஸ்டிக் குருணைகளை எண்ணிய ஆய்வாளர்கள், மார்ச் மாதம் இருந்ததைவிட வெள்ளத்தையொட்டிய நவம்பரில் அவை மூன்று மடங்கு இருப்பதைக் கண்டார்கள். கூவமும் அடையாறும் புதிதாகக் கொண்டுவந்து தள்ளியிருந்தன. ஆகவே மார்ச்சில் ஒரு நாள் எண்ணி, குறைந்துவிட்டது என்று மகிழ்வதற்கோ, நவம்பரில் ஒரு நாள் எண்ணி, எல்லாம் வீண் என்று சோர்வதற்கோ பொருளில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கடற்கரைக்குப் பொருந்தாது. தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்திலும் எண்ண வேண்டும், வடக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்திலும் எண்ண வேண்டும், காணும் பொங்கலுக்கு முன்பும் பின்பும் எண்ண வேண்டும்.

எடுத்தது எங்கே போகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். அன்று நாங்கள் கட்டிய மூட்டைகள் மாநகராட்சி வண்டியில் ஏறின. வடபகுதி மண்டலங்களின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூருக்குத்தான் போகிறது, தென்பகுதியின் குப்பை பெருங்குடிக்கு. கொடுங்கையூரில் இப்போது பழைய குப்பை மலையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடக்கிறது. அங்கே எரிஉலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025-இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். கடற்கரையில் இருந்த கவர், மணலும் உப்பும் ஒட்டியதால் மறுசுழற்சிக்கு ஆகாமல், வியாசர்பாடிக்கும் கொடுங்கையூருக்கும் பக்கத்தில் மலையாகி, தீப்பிடித்தால் எங்கள் வீட்டுச் சன்னல் வழியாகப் புகையாக வருகிறது. கரை தூய்மையானதாக எழுதும் அறிக்கையில் இந்தப் புகைக்கு ஒரு வரி இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். அள்ளுவதைவிட வராமல் தடுப்பது ஏன் மேல் என்று கொடுங்கையூர்க்காரருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

நண்பர்கள் மூவரும் நானும் சேர்ந்து ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். கரையில் நாற்பது அடி நீளத்தைச் சுண்ணாம்பால் குறித்திருக்கிறோம். இரண்டு ஞாயிறுகளுக்கு ஒருமுறை, அந்த நாற்பது அடிக்குள் கற்களின் மேலும் கை எட்டும் இடுக்கிலும் கிடப்பதை எடுத்து, எடை போடாமல், வகை வாரியாக எண்ணி நோட்டில் எழுதுகிறோம். மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம், முந்தைய நாள் விடுமுறையா என்பதையும் குறிக்கிறோம். ஓர் ஆண்டு முழுதும் செய்த பிறகுதான் எதையும் சொல்ல முடியும். முதல் நாள் அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். கவர், பாக்கெட், பாட்டில், வலை, தெர்மாகோல் என்று ஐந்து பத்திகள் கோடு போட்டிருந்தோம். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நோட்டை வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். "கறுப்புக் கவர தனியா எழுது தம்பி," என்றார். "அது எங்க கடையில இருந்து போறது." ஆறாவதாக ஒரு பத்தியைச் சேர்த்தோம்.