ஆழ்மூளைத் தூண்டல்: திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்கு

அப்பாவின் பார்க்கின்சன் நோய்க்கு, மூளைக்குள் கம்பி இறக்கிக் கரண்ட் கொடுக்கும் இந்த ஒபரேஷன் சரிவருமா என்பதைத் தீர்மானித்தது எம்ஆர்ஐ இல்லை, குளிசைப் பரிசோதனைதான். இரவிலிருந்து ஏறத்தாழ 12 மணித்தியாலம் பார்க்கின்சன் குளிசையான லெவோடோபாவை நிறுத்திவைத்து, காலையில் விரல் தட்டல், எழும்பி நடத்தல், கை இறுக்கம் எல்லாவற்றுக்கும் புள்ளி போடுவார்கள் (புள்ளி கூடினால் வருத்தம் கூட). பிறகு குளிசையைக் கொடுத்து, அது பிடித்ததும் திரும்பப் பார்ப்பார்கள். புள்ளி மூன்றில் ஒரு பங்காவது இறங்க வேண்டும். நடுக்கத்தை விட்டால், குளிசைக்கு அசையாத தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் கரண்டுக்கும் பெரும்பாலும் அசையாது.

இதற்கு இரவுக் கோச்சியில் போய் விடிய இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். குளிசை நிறுத்திய ஆளுக்கு இருக்கையில் திரும்பவே ஏலாது, மலசலகூடம் போவது அதைவிடப் பாடு. முதல்நாள் பகலிலேயே போய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்குங்கள்.

ஒபரேஷன், 1987இல் பிரான்ஸின் கிரெனோபிளில் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் பெனபிட் தொடக்கிவைத்த முறைதான். தலையில் சட்டம் பூட்டி, சுமார் 1.3 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பியை மூளையின் ஆழத்தில் அசைவோடு தொடர்புள்ள, அவரைக்கொட்டையளவான சப்தலாமிக் கருவுக்குள் இறக்குவார்கள். பல இடங்களில் ஆள் விழித்திருக்கவே செய்வார்கள். பட்டரி காறை எலும்புக்குக் கீழே.

சனம் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். கரண்ட் போடாமலே முதல் சில நாள் கை கால் இலகுவாகிவிடும். கம்பி இறங்கிய இடத்து வீக்கம் செய்கிற வேலை அது. வீக்கம் வற்ற, பழைய இறுக்கம் வரும். ஒபரேஷன் பிழைத்துவிட்டதென்று வீட்டில் அழுகை தொடங்கும். உண்மையான வேலை சில கிழமை கழித்து, புரோகிராமிங்கில், அதாவது கரண்டை ஆளுக்கு ஏற்றபடி சரிப்படுத்துவதில்தான். வழக்கமாக 130 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 130 துடிப்பு), துடிப்பொன்று 60 மைக்ரோசெக்கன் என்று தொடங்கி, கரண்டை மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். வாய் கோணினாலோ நாக்குத் தடித்தாலோ கரண்ட் பக்கத்து நரம்புக் கட்டுக்குப் பாய்கிறது. உடனே சொல்லுங்கள், குறைப்பார்கள் அல்லது கம்பியில் வேறு முனைக்கு மாற்றுவார்கள். குளிசையையும் கூடவே குறைப்பார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இந்தப் புரோகிராமிங்குக்குத் திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும். ஆகவே ஒபரேஷன் செலவோடு அந்தப் போக்குவரத்துச் செலவையும் இப்போதே கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கொப்பி கொண்டுபோங்கள்: குளிசை போட்ட நேரம், இறுகிய நேரம், உடல் தானாக ஆடிய நேரம். “பரவாயில்லை டொக்டர்” என்ற பதிலை வைத்து ஒன்றும் மாற்ற முடியாது.

சார்ஜ் பண்ணாத பட்டரி பெரும்பாலும் 3 முதல் 5 வருடம். திடீரென நின்றால் ஆள் கட்டையாகிவிடுவார், அதனால் ஒவ்வொரு கிளினிக்கிலும் பட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். மூட்டு வலிக்கு டயத்தேர்மி (மின்னலை மெஷின்) சூடு கொடுக்க எவரையும் விடாதீர்கள்; கம்பி நுனி சூடாகி மூளையே வெந்துபோகலாம்.